பைப்புக்குள் விட்ட கால்

ஒரு வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்கு உடனே இரண்டு ஆள் வேண்டும். ஒரு பிளம்பர், ஒரு குற்றவாளி. பிளம்பர் வந்து சேர்வதற்குள் குற்றவாளியைப் பிடித்து வைத்திருப்பார்கள். நாம் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "இவங்க வேலைதானே இது, சொல்லுப்பா" என்பார்கள். தலையாட்டினால் டீ வரும்.

அந்த டீயை நானும் குடித்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பைப் ஒட்டவும் தண்ணீர் ஓட வாட்டம் பார்க்கவும் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அந்தப் பாடம் என்னுடையது இல்லை. வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. உங்களில் பாதிப் பேர் சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கிறீர்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

முட்டி தேய்ந்து வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் மண்ணூர், வல்லம், ஒரகடம், வாலாஜாபாத் வரைக்கும் நான் கை வைக்காத லைன் வீடு குறைவு. அடைப்பிலிருந்து நான் எடுத்த சாமான்களை வைத்து ஒரு கடையே போடலாம். டூத் பிரஷ், சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ் மூடி, ஒரு குழந்தையின் வெள்ளி அரைஞாண். வாலாஜாபாத்தில் ஒரு பெரியவரின் பல் செட் வந்தது. கழுவிக் கொடுத்தேன். அவர் இன்னொரு முறை கழுவினார். பிறகு என் கண் முன்னாலேயே மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் பேச்சு ஒழுங்கா வருது" என்றார். அந்தப் பல்லை ஒளித்து வைத்துவிட்டாள் என்று ஒரு வாரமாக மருமகளைத் தெருவே கேட்கும்படி திட்டியிருந்தார்கள். பல் கிடைத்த பிறகு அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பழி போடும்போது இருக்கிற சத்தம், அது பொய் என்று தெரியும்போது யாரிடமும் இருக்காது.

இனி என் கதை.

சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த வருஷங்கள். நெல் வயலை விற்றவர்கள் எல்லோரும் லைன் வீடு கட்டினார்கள். பூச்சு காய்வதற்குள் சங்கரன்கோவில், இராமநாதபுரம், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். மண்ணூரில் வசந்தா அக்கா கட்டியது அப்படி ஒரு வீடு. கீழே நாலு ரூம், மேலே நாலு ரூம், கீழே ஒரு கக்கூஸ், அதற்கு நேர் மேலே ஒன்று. அக்காவின் புருஷன் ஒரு கம்பெனியில் நைட் செக்யூரிட்டி. மனிதர் பகலெல்லாம் தூங்குவார். அதனால் அந்த வீட்டில் பேச்சு முழுக்க அக்காவுடையது.

பிளம்பிங் வேலை என்னுடையது. மேல்மாடி முடிந்த அன்று அக்கா திருஷ்டி பொம்மையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தாள். வைக்கோல் திணித்த சட்டை, பேண்ட். சட்டியில் தலை. சுண்ணாம்பில் கண்ணும் பல்லும். நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. ஏரிப் பக்கத்துக் காற்று அப்படி. மூன்று முறை நிறுத்தினாள், மூன்று முறையும் குப்புற விழுந்தது.

"பொம்மைக்கே நிக்கத் தெம்பு இல்ல, இது எங்க உன் வூட்டக் காக்கப் போவுது" என்றார் கொத்தனார் மேஸ்திரி.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இரண்டு கக்கூஸுக்கும் பொதுவான பைப், காற்று போவதற்காக, மொட்டை மாடிக்கு மேலே திறந்த வாயோடு நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாயில் வலை மூடி போடவேண்டும். இன்னொரு மாடி எழுப்பப்போகிறோம், அப்போது பைப்பை உயர்த்தும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

"அக்கா, பொம்மையோட ஒரு கால இந்தப் பைப்புல வுடு. எந்தக் காத்துக்கும் அசையாது" என்றேன்.

நானே ஒரு காலை உள்ளே சொருகினேன். தொடையில் கட்டுக்கம்பி சுற்றி, பைப்போடு சேர்த்து முறுக்கினேன். என்னோடு வேலை செய்தவர்களுக்கு என் முறுக்கு தெரியும். நாலு சுற்று சுற்றி, முனையை உள்பக்கம் மடித்துவிடுவேன். யார் கையையும் கிழிக்காது. பொம்மை போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக நின்றது. அக்கா பஜ்ஜி கொண்டுவந்து கொடுத்தாள். "பிளம்பர்னா மூளை வேணும்யா" என்று மேஸ்திரியே ஒத்துக்கொண்டார். நானும் நம்பிவிட்டேன்.

கிரகப்பிரவேசம் முடிந்ததும் பொம்மையை இறக்கியிருக்க வேண்டும். அக்கா இறக்கவில்லை. இன்னும் ஒரு மாடி வரவேண்டும், அதுவரைக்கும் இது முடியாத வீடுதான், கண் பட்டுவிடும் என்றாள். நம் பக்கத்தில் பாதி வீடு அப்படித்தான். கம்பி நீட்டிக்கொண்டும் பொம்மை தொங்கிக்கொண்டும் வருஷக்கணக்கில் முடியாமலே இருக்கும். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பொம்மையை மறந்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில், அக்கா ஆள் அனுப்பினாள். மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே பொங்குகிறதாம். போய் சைக்கிளை நிறுத்தும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்திருந்தது. கீழ் ரூம்களில் மதுரைப் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள். மேலே இரண்டு ரூம் காலி. மற்ற இரண்டில் ஆறு பெண் பிள்ளைகள். எல்லோரும் சங்கரன்கோவில் பக்கம், காருக்கு வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை.

"மேல இவங்க ஒரு வாளி ஊத்துனா கீழ எங்களுக்கு ரெண்டு வாளி வருதுண்ணே. மூணு நாளா வயக்காட்டுப் பக்கம் ஓடிட்டு இருக்கோம்" என்றான் ஒரு பையன்.

"இன்னாத்தப் போட்டாளுங்களோ. நீ தொறந்து பாரு. அப்பால நான் பேசிக்கிறேன்" என்றாள் அக்கா.

சேம்பர் மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் அடைப்பு அதற்கு முன்னாலேயே இருக்கிறது, மேலிருந்து இறங்கும் பைப் தரைக்குள் திரும்புகிற வளைவில். மூங்கில் பிளாச்சின் முனையில் கொக்கி கட்டி உள்ளே விட்டேன். எதிலோ மாட்டியது. இழுத்தேன். கையளவு துணி கிழிந்து வந்தது. ஊறி, கறுத்து, என்ன நிறம் என்றே சொல்ல முடியாத துணி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிமிர்ந்து, அந்தத் துணியைப் பிளாச்சின் முனையில் கொடி மாதிரி தூக்கிப் பிடித்து, தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"லேடீஸ் துணிக்கா. வேற இன்னா. இதுங்களுக்கு எத்தினி தபா சொன்னாலும் ஏறாது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் சில வீடுகளில் அப்படித்தான் இருந்தது. அதனால் இங்கேயும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அனுபவம் என்று பெருமை பேசுகிறோமே, அது இப்படியும் வேலை செய்யும்.

டீ வந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் மாடியிலிருந்து ஆறு தகரப் பெட்டி கீழே இறங்கிவிட்டது. அக்காவே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள்.

"இன்னிக்கே காலி பண்ணுங்க. பூத்துக்குப் போயி உங்க அப்பன்மாருக்கு எல்லாம் போன் போடறேன். வந்து கூட்டிகினு போவட்டும்."

ஒரு ரூமை விட்டுப் போவது பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பெண் பிள்ளைகளுக்கு ரூம் கொடுக்கிற வீடு அப்போது அபூர்வம். அதைவிட மோசம் அந்தப் போன். அந்த அப்பாக்கள் பெண்ணை இவ்வளவு தூரம் அனுப்பியிருப்பதே, வீட்டுக்கார அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார் என்ற ஒரே தைரியத்தில்தான். அந்த அம்மாவே கூப்பிட்டு உன் பெண் சரியில்லை என்றால், என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். அடுத்த பஸ் ஏறி வந்து கூட்டிப்போய்விடுவார்கள். வேலை அன்றோடு போச்சு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தேதான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேர் அழுதார்கள். ஒருத்தி மட்டும் அழவில்லை. இசக்கியம்மாள் என்று பெயர். ஒல்லியான பெண், மதிய ஷிப்ட்டுக்காகக் கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நாங்க போட்டத நீங்க பாத்தியளா?"

"துணி வந்துச்சே. நீயுந்தான பாத்த."

"துண்டுதான வந்துச்சு. நாங்க எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி, பின்னால குழியில போட்டு எரிச்சிருதோம். ஒருநா தப்புனது கெடையாது. அந்தத் துணிய முழுசா வெளிய எடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க."

"எனக்கே பிளம்பிங் கத்துக்குடுக்கிறியா?"

"எனக்குப் பிளம்பிங் தெரியாது. வயரு தெரியும். ஒரு பீசுல ஃபால்ட்டுன்னா, வயர முழுசா உருவிப் பாக்காம ரிஜெக்ட் சீட்டு ஒட்டுனா எங்க சூப்பர்வைசரு வையாத வசவு வைவாரு. நீங்க அரையடித் துணியப் பாத்துட்டு ஆறு பேரு மேல சீட்டு ஒட்டிட்டிய."

கீழ் ரூம் பையன் ஒருவன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. முழுத் துணியையும் எடுத்து இவள் முகத்துக்கு நேரே காட்டி வாயை அடைக்கிறேன் என்று மறுபடியும் குனிந்தேன். நியாயத்துக்காகக் குனியவில்லை, வீம்புக்காகத்தான் குனிந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அக்கா போன் நம்பர் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

கொக்கியைப் பெரிதாக வளைத்து விட்டேன். நன்றாக மாட்டியது. ஆனால் வரவில்லை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். வந்தது. அதோடு சேர்ந்து, மூன்று நாளாக மேலே தேங்கி நின்ற அத்தனையும் வந்தது. அடைப்பு விடுகிற நேரத்தில் சேம்பருக்கு நேரே முகத்தை வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். கோபத்தில் சரியாக அங்கேதான் வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, வாய மூடிக்கோங்க" என்று இசக்கியின் குரல் கேட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல யோசனை அது. கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ரூமுக்குள் ஓடினார்கள். இசக்கி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளியை, வெளியே வந்து கிடந்ததன் மேலே ஊற்றினாள்.

கழுவியதும் பார்த்தேன். அது ஒரு கால். தொடையோடு அறுந்த பேண்ட்டுக் கால். உள்ளே வைக்கோல் ஊறி இறுகிக் கட்டையாகியிருந்தது. தொடையைச் சுற்றித் துருப்பிடித்த கட்டுக்கம்பி. எண்ணிப் பார்த்தேன், நாலு சுற்று. முனை உள்பக்கம் மடிந்திருந்தது.

மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தேன். பொம்மையைக் காணோம். மழையில் துணி இற்று, பைப்பைப் பிடித்திருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து, கால் பைப்புக்குள்ளேயும் மீதி உடம்பு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயும் விழுந்திருந்ததைப் பிறகு போய்ப் பார்த்தோம். வீட்டைக் காக்க வைத்த பொம்மை விழுந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள் இசக்கி.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா தெருமுனையைத் தாண்டியிருப்பாள். இந்தக் காலைப் பின்பக்கத்து முள்செடிக்குள் வீசிவிட்டு, அடைப்பு எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அக்காவின் தம்பி வல்லம் வடகாலில் இருபது ரூம் கட்டப்போகிறான். அந்த பிளம்பிங் எனக்குத்தான் என்று பேச்சு ஆகியிருந்தது. பைப்புக்குள் பொம்மையைச் சொருகியவன் நான் என்று தெரிந்தால் அது போச்சு. இதில் பாருங்கள், நான் புதிதாக ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை. ஏற்கனவே சொன்னதை அப்படியே விட்டால் போதும். நம் வேலையில் அநியாயம் பண்ணுவது அவ்வளவு சுலபம்.

இசக்கி காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியும்போலுக்கே" என்றாள்.

அவ்வளவுதான். ஓடினேன்.

தலையிலிருந்து கால் வரை அந்தக் கோலத்தோடு, கையில் இன்னொரு காலோடு, மண்ணூர்த் தெருவில் ஓடினேன். இரண்டு நாய் பின்னாலேயே வந்தது. குழாயடிப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். டெலிபோன் பூத்துக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைவிட்டு எழுந்து, "யோவ், உள்ள வராத, அங்கயே நில்லு" என்றார். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "ரிங் போவுது" என்றபடி திரும்பினாள்.

"அக்கா, போன வையி. இது அந்தப் பொண்ணுங்க துணி இல்ல. உன் பொம்மையோட காலு."

"இன்னாடா ஒளறற?"

"நான்தான பைப்புல சொருவுனேன். நான் போட்ட கட்டு கீது பாரு."

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். முட்டியில் ஓர் ஒட்டு இருந்தது. நீல நூலில் நெருக்கமாகத் தைத்த ஒட்டு. அவள் பார்வை அங்கேயே நின்றது. அந்த நேரம் பார்த்து ரிசீவருக்குள் ஓர் ஆண் குரல், "அல்லோ, யாரு பேசுதது?" என்று கேட்டது. இசக்கியின் அப்பா.

அக்கா ரிசீவரைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே காய்ந்துவிட்டேன்.

"மண்ணூர்லேந்து வூட்டுக்காரம்மா பேசறேன்" என்றாள். "ஒண்ணுமில்லீங்க. பொண்ணு நல்லா கீது. சும்மாதான் போட்டேன். அங்க மழைலாம் எப்டி?"

மழையைப் பற்றி இரண்டு பேரும் நன்றாகப் பேசினார்கள். போனை வைத்த பிறகுதான், "எங்க வூட்டுக்காரரு பேண்ட்டுடா இது. நான் வெச்ச ஒட்டு" என்றாள்.

திரும்பி வந்தோம். சத்தத்தில் விழித்து, அக்காவின் புருஷன் லுங்கியோடு வாசலில் நின்றார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் தூக்கம் போய்விட்டது.

"இந்தக் காக்கி பேண்ட்டத்தான் ஒரு வருஷமா தேடிகினு கீறேன். கொடியில இருந்து எடுத்துட்டான்னு எதிர் வூட்டுக்காரனோட சண்டை போட்டு, இன்னிக்கி வரைக்கும் பேச்சு இல்ல."

எதிர் வீட்டுக்காரர் அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முதல் முறையாகப் பேசாமல் இருந்தாள்.

நான் இசக்கியிடம் போனேன். "தப்பு என்னுதும்மா. மனசுல வெச்சுக்காத" என்று மெதுவாகச் சொன்னேன்.

"எங்காதுல சொன்னா எனக்கு எதுக்கு?" என்றாள். "துணியத் தூக்கிப் புடிச்சு எங்க நின்னு சொன்னியளோ, அங்க நின்னு சொல்லுங்க. அதே சத்தத்துல."

போய் நின்றேன். குழாயடிப் பெண்கள் இப்போது முன்னைவிட நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். "அடைப்புக்குக் காரணம் நான். பொம்மைக் காலப் பைப்புல சொருவுனது நான். இந்தப் பொண்ணுங்க ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"கேக்கல அண்ணாச்சி" என்றாள் இசக்கி.

மறுபடியும் சொன்னேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

குளித்துவிட்டு வந்து, நானும் அக்காவின் புருஷனும் ஐந்து பெட்டியை மாடிக்கு ஏற்றினோம். ஆறாவது பெட்டியை அக்கா தூக்கினாள். மன்னிப்பெல்லாம் அவள் கேட்கவில்லை. அது இசக்கியின் பெட்டி என்று பார்த்துத்தான் தூக்கினாள். மதியம் கம்பெனி பஸ்ஸில் ஆறு பேரும் ஏறிப்போனார்கள்.

அக்காவின் தம்பி அந்த இருபது ரூம் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். பைப்புக்குள் பொம்மையை விடுகிறவன் எனக்கு வேண்டாம் என்றானாம். அவன் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். துணி வந்தால் முழுசாக வரட்டும். அதுவரைக்கும் உங்கள் வாய்க்குள் டீகூடப் போகவேண்டாம். யார் செய்தது என்று கேட்டால், எடுத்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். முக்கால்வாசி நேரம் நம்மைப் போல ஒரு புத்திசாலி செய்த வேலையாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால், ஓடவேண்டிய நேரத்தில் ஓடுங்கள். குளித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

தை பிறந்ததும் அக்கா அடுத்த மாடியை எழுப்பினாள். திட்டிக்கொண்டே என்னைத்தான் கூப்பிட்டாள். பைப்பை உயர்த்தி, வலை மூடியை மாட்டிவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினேன். கடைசி நாள் புதுப் பொம்மை மேலே வந்தது. அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். துணி காயப்போட வந்த இசக்கி, வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, இப்பம் எந்தக் கால எங்க விடணும்?"

அந்தத் தெருவில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. பொம்மை பிளம்பர் என்றால்தான் தெரியும். முதலில் அப்படிக் கூப்பிட்டவனை அடிக்கப் போனேன். இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்கிறேன். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னது நான்தானே.